பரிசலில் வந்தது அஞ்சு பேர்

சூலூரில் சென்னகேசவனின் ஏழரை எச்.பி. மோட்டாரைப் பற்றிக் கேள்விப்படாத ஆள் ஒருவர் இருந்தால், அவர் நேற்றுத்தான் விமானப்படை நிலையத்துக்கு மாற்றலாகி வந்தவராக இருக்க வேண்டும். அவரையும் இந்த வாரத்துக்குள் சென்னகேசவன் டீக்கடையில் வைத்துப் பிடித்துவிடுவார்.

விஷயம் வேறொன்றுமில்லை. பம்புசெட்டுப் பட்டறை வைத்திருந்த காலத்தில் சென்னகேசவன் தன் கையாலேயே ஒரு மோட்டார் கட்டித் தன் தோட்டத்துக் கிணற்றில் இறக்கினார். சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் வந்தது. அது எல்லா மோட்டாரிலும் வருவதுதான். கொஞ்ச நேரத்தில் மீன் வந்தது, கெண்டையும் கெளுத்தியுமாக. அதற்கப்புறம் குழாய் லேசாகத் திணறியது. என்னவென்று பார்த்தால் ஒரு பரிசல். அதில் அஞ்சு பேர் உட்கார்ந்திருந்தார்கள், கையில் துடுப்போடு. அவர்களில் மூத்தவர் தலையைத் துவட்டிக்கொண்டே, "ஏனுங்க, இது ஈரோடுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, சூலூருங்க."

"அடடா, மஞ்சள் மண்டிக்கு நேரமாச்சுங்களே!"

காவிரியில் போய்க்கொண்டிருந்தவர்களைப் பூமிக்கடியில் இங்கே இழுத்து வந்தது தன் மோட்டார் செய்த பிழை என்பதால், சென்னகேசவன் அஞ்சு பேரையும் வீட்டுக்குக் கூட்டிப்போய் அரிசிம்பருப்பு சாதம் போட்டு, ஈரோட்டு பஸ் ஏற்றிவிட்டார். பரிசலை பஸ்ஸுக்கு மேலே போட்டுக் கட்டினார்கள்.

இதைச் சொல்லும்போது சென்னகேசவன் சிரித்ததே இல்லை. மழை பெய்தது என்று சொல்வதைப்போலச் சொல்வார். நம்பாதவர்களுக்கு இரண்டு சாட்சிகள் வைத்திருந்தார். ஒருவர், அந்த பஸ்ஸின் கண்டக்டர் நஞ்சுண்டன். கேட்டால் அவர் உடனே, "ஆமா, பரிசலுக்கு லக்கேஜ் டிக்கெட் கிழிச்சது நாந்தானுங்க. துடுப்பை மட்டும் சும்மா உட்டுட்டேன்" என்பார். அவரும் கதை அளக்கிற அந்த வர்க்கம்தான். இன்னொரு சாட்சி சோறு போட்ட ரங்கநாயகி, சென்னகேசவனின் மனைவி. அன்றிலிருந்து சென்னகேசவன் விருந்தாளிகள் முன்னால் அவரைக் கூப்பிட்டு, "ஏன் அம்மணி, அன்னிக்கு அஞ்சு பேருக்கும் நீதானே பரிமாறுனே?" என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். ரங்கநாயகியும் ஒவ்வொரு தடவையும், "என்னைக் கேக்காதீங்க. எனக்கு அடுப்புல வேலை கெடக்குது" என்று உள்ளே போய்விடுவார். இல்லை என்றும் சொல்ல மாட்டார். ஆமாம் என்றும் சொன்னதில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில் முதலில் சாய்ந்தவர் நஞ்சுண்டன். அவருக்கு ரொம்ப காலமாக நெஞ்சுத் துடிப்பு ஒரு கணக்கில் அடிக்காது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். பக்கத்தில் இருந்தாலே போதும், பயந்துகொண்டு சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. ஒருநாள் காலையில் பல் விளக்கப் போனவர் வாய்க்கொப்பளித்த தண்ணீரைத் துப்பத் தெரியாமல் நின்றார். பக்கவாதம். பிழைத்துக்கொண்டார். காலை இழுத்து இழுத்து நடக்கவும் செய்தார். ஆனால் அந்தப் பெரிய வாயில் மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "ஆமா." பசிக்கிறதா என்றாலும் ஆமா. பசிக்கவில்லையா என்றாலும் ஆமா.

சென்னகேசவன் தினமும் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய் அன்றைய சரக்கை இறக்குவார். "உலகத்துல என்ற கதைக்கெல்லாம் ஆமா போடறதுக்கு ஒரு ஆளு கெடைச்சுதுங்க" என்று டீக்கடையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். ஆனால் நஞ்சுண்டன் வீட்டிலிருந்து திரும்பி வரும்போது மட்டும் அவர் வழியில் யாரிடமும் நின்று பேசுவதில்லை. சாவு வந்தால் அதையும் உட்கார வைத்து நாலு கதை சொல்லி அனுப்பிவிடலாம் என்று தைரியமாக இருந்த மனிதர். அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்ட பிறகு அவருக்கு ராத்திரித் தூக்கம் குறைந்தது.

அடுத்த வருஷம் சென்னகேசவனுக்குக் கழுத்தில் கட்டி வந்தது. கோயமுத்தூரில் பார்த்தார்கள். நிணநீர்ப் புற்றுநோய், கீமோ கொடுத்தால் கேட்கக்கூடிய வகை என்றார்கள். டீக்கடையில் சென்னகேசவன் அறிவித்தார்: "நாலு டாக்டருங்க சுத்தி நின்னு அமுக்கிப் பாத்தாங்க. ஐயா, இது கட்டியில்லை, நீங்க சொல்லாம அடைச்சு வெச்சிருக்கற கதைன்னு சொல்லிப்போட்டாங்க. கரைக்கறதுக்கு மருந்து ஏத்தறாங்க."

இரண்டாவது கீமோவுக்குப் போனபோது நாடியைப் பிடித்த நர்ஸ் பிடித்த கையை விடவில்லை. ஈசிஜி எடுத்தார்கள். இதய டாக்டர் ரம்லாவிடம் அனுப்பினார்கள். ரம்லா நாற்பது வயதுக்காரர், அவசரப்படாமல் பேசுகிறவர்.

"ஐயா, உங்க இதயத்தோட மேல் அறை ஒழுங்கா சுருங்கி விரியாம, படபடன்னு நடுங்கிட்டே இருக்கு."

"லோ வோல்டேஜ்ல மோட்டார் உறுமறாப்லீங்களா?"

"அதேதான். மோட்டார் உறுமும், தண்ணி ஏறாது. ரத்தம் உள்ளேயே தேங்கி நிக்கும். தேங்கினா கட்டி தட்டும். அந்தக் கட்டி கிளம்பிப் போய் மூளைக்குப் போற குழாயை அடைச்சுதுன்னா பக்கவாதம். புத்துநோய் இருக்கறப்போ ரத்தம் சாதாரணத்தை விடச் சீக்கிரம் கட்டி தட்டும். அதனால உறையாம இருக்க மாத்திரை தர்றேன்."

"தந்துருங்க சாமி."

"இருங்க, முழுசாக் கேளுங்க. கீமோவுல ரத்தத் தட்டணுக்கள் குறையும். ரொம்பக் குறைஞ்சா இதே மாத்திரை ரத்தக் கசிவுல கொண்டுபோய் விட்டுடும். வரப்பு மேல நடக்கற மாதிரி. ஒரு பக்கம் கிணறு, ஒரு பக்கம் பள்ளம். ரத்தம் பரிசோதிச்சுப் பரிசோதிச்சு நான்தான் உங்களை நடத்திட்டுப் போகணும். நீங்களாக் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, நிறுத்தக் கூடாது. பல் புடுங்கறதா இருந்தாக்கூட எனக்கு ஒரு போன் பண்ணிட்டுத்தான்."

சென்னகேசவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரங்கநாயகி திரும்பிப் பார்த்தார். இவர் சும்மா இருப்பது அவ்வளவு அபூர்வம்.

"டாக்டரம்மா, அந்தக் குழாய் அடைச்சா பேச்சு போயிருமுங்களா?"

"போகலாம். கை கால் போகலாம். பேச்சும் போகலாம்."

"கை காலு போனா ரங்கநாயகி இருக்கறா, சமாளிச்சுக்குவேன். பேச்சு போகாம இருக்கோணும். அதுக்கு எத்தனை மாத்திரை வேணும்னாலும் முழுங்கறேனுங்க."

"ரெண்டே ரெண்டு போதும். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

அன்றைக்கு அவர் வேறு எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை.

மாத்திரை நடந்தது. இடையில் ஒரு கீமோவுக்குப் பிறகு தட்டணுக்கள் மளமளவென்று இறங்கியபோது, ரம்லாவே போன் பண்ணி மாத்திரையை நிறுத்தச் சொன்னார். மறுபடி ரத்தம் பார்த்து, எண்ணிக்கை ஏறியதும் மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் பின்னால் வினையாகப் போயிற்று.

கீமோ தொடங்கும்போதே ரங்கநாயகி காரமடை ரங்கநாதருக்கு வேண்டிக்கொண்டிருந்தார்: இவர் பிழைத்து வந்தால் முடி காணிக்கை. வேண்டிக்கொண்ட பத்தாம் நாளே கீமோ அத்தனை முடியையும் கொட்டிவிட்டது. மீசை, புருவம் உள்பட. "ரங்கநாதருக்கு அவசரமுங்க. ஆளு வர்ற வரைக்கும் பொறுக்க முடியாம அவரே எடுத்துக்கிட்டாரு" என்றார் சென்னகேசவன். ரங்கநாயகி ஒத்துக்கொள்ளவில்லை. கடவுளுக்குச் சேர வேண்டியது கத்தியில் வர வேண்டும், தலையணையில் வரக்கூடாது.

நல்லபடியாக எல்லாம் முடிந்து, ஸ்கேனில் கட்டி இல்லை என்று சொன்ன பிறகு முடி திரும்ப வந்தது. சாதாரணமாக வரவில்லை. முன்பு நரைத்து, நேராக, நடுவில் சொட்டையாக இருந்த தலையில் இப்போது கறுப்பாகச் சுருள் சுருளாக வந்தது. கீமோவுக்குப் பிறகு சிலருக்கு அப்படி வருமாம். சென்னகேசவன் கண்ணாடியை விட்டு நகரவில்லை. சலூன்காரர் விதைக்கு நாலு முடி கேட்டார் என்றும், ஆனைமலைப் பக்கமிருந்து ஒரு தேனீக் கூட்டம் தன் கூடென்று நினைத்து வந்து இறங்கப் பார்த்தது என்றும் ஊருக்குள் பேச்சு. பேச்சின் மூலம் எதுவென்று சொல்லத் தேவையில்லை.

வேண்டுதலுக்கு நாள் குறித்தவர் வரதராஜுலு, ரங்கநாயகியின் அண்ணன். குடும்பத்தில் யார் வீட்டு விசேஷமானாலும் நாள் பார்ப்பது, பந்தி விசாரிப்பது, மாப்பிள்ளையை அடக்கி வைப்பது மூன்றும் அவர் பொறுப்பு. சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று. சனிக்கிழமை காரமடையில் மொட்டை, பிறகு சாப்பாடு.

அந்த வாரத்தில் சென்னகேசவன் முகம் வழிக்கும்போது தாடையில் ஒரு சின்னக் கீறல் விழுந்தது. ரத்தம் நிற்கவில்லை. காபித்தூள் வைத்தார்கள், பஞ்சு வைத்தார்கள், துண்டு நனைந்தது. கடைசியில் நின்றது. ஆனால் அதை வரதராஜுலு பார்த்துவிட்டார்.

"மாப்ளை, இதென்ன கீறுனா வாய்க்காலாட்டப் போகுது? கோயில்ல கத்தி பட்டு இப்படி ஊத்துனா என்னாகும்? ரத்தம் சிந்துனாத் தீட்டு. நம்மாள நடையைச் சாத்திப் புண்ணியாகம் பண்ணுனாங்கன்னா, காரமடையே நம்ம குடும்பத்தைக் காமிச்சுக் காமிச்சுப் பேசும்."

"மாத்திரையோட வேலைங்க மச்சான்."

"நிறுத்திப்போடுங்க. புதன், வியாழன், வெள்ளி மூணு நாளு. சனிக்கிழமை ராத்திரி மறுபடி முழுங்கிக்கலாம்."

ரங்கநாயகி காய் நறுக்குவதை நிறுத்தினார். "டாக்டரம்மாவை ஒரு வார்த்தை கேட்டுரலாமுங்கண்ணா."

"கேட்டா நாளைத் தள்ளிப் போடும்பாங்க. சொந்தம் பூராச் சொல்லியாச்சு. ஏன், அந்தம்மாவே ஒருக்கா நிறுத்தச் சொல்லலை? அப்ப ஒண்ணும் ஆகலைல்ல? அதே மாத்திரை, அதே ஆளு."

அது ரொம்ப நியாயமாகப் பட்டது. சென்னகேசவனுக்கும் நியாயமாகப் பட்டது. தன் ரத்தம் ரங்கநாதர் வாசலில் சிந்தி நடை சாத்துவதை அவராலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இந்த விஷயத்தில் மட்டும் அவர் ஊதிப் பெருக்காமலேயே பயந்தார். மூன்று நாள் மாத்திரை அட்டை டப்பாவிலேயே கிடந்தது. கிளம்பும்போது ரங்கநாயகி அதை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். ஏனென்று கேட்டால் அவருக்கே தெரியாது.

சனிக்கிழமை காலை காரமடையில் வெயில் சுள்ளென்று இருந்தது. மொட்டை போடுமிடத்தில் சென்னகேசவன் கையில் தண்ணீர்ச் சொம்போடு சம்மணமிட்டு உட்கார்ந்தார். தலையில் தண்ணீர் தெளித்த மொட்டை அடிப்பவர், "ஐயா, இந்த வயசுல இப்படியொரு சுருட்டைங்களா?" என்று கேட்டதுதான் தவறு. சென்னகேசவன் தலையை அசைக்காமல் வாயை மட்டும் திறந்தார். முடியிலிருந்து மோட்டாருக்கு வர அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. கத்தி வலது பக்கத்தை வழித்து முடிக்கையில் கதையில் தண்ணீர் வந்து, மீன் வந்துவிட்டது. ஒரு சொட்டு ரத்தமில்லை. வரதராஜுலு சுற்றி நின்ற சொந்தக்காரர்களைப் பெருமையாகப் பார்த்தார்.

"அப்பறம் கொழாய் திணறுச்சுங்க," என்றார் சென்னகேசவன். "என்னடான்னு பாத்தா ஒரு..."

பேச்சு நின்றது.

பரிசல் அவருக்கு எதிரிலேயே இருந்தது. வட்டமாக, தார் பூசி, தண்ணீர் சொட்டிக்கொண்டு. உள்ளே ஆட்கள் உட்கார்ந்து அவரையே பார்த்தார்கள். அதன் பேர் மட்டும் இல்லை. நாக்கின் நுனியில் இல்லை, அடியிலும் இல்லை. வேறு ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று பார்த்தார்; வேறு எதற்கும் பேர் இல்லை. தன் வாயிலிருந்து ஈரத்துணியைப் பிழிவதுபோல ஒரு சத்தம் வருவதைக் கேட்டார். வலது கையிலிருந்த சொம்பு மடியில் கவிழ்ந்தது. கை கவிழ்த்தது என்றே அவருக்குத் தெரியவில்லை, யாருடையதோ கை.

சொந்தக்காரர்கள் சிரித்தார்கள்.

"ஆரம்பிச்சுட்டாருடா," என்றார் வரதராஜுலு. "மாப்ளை, சாமி சன்னதியில விளையாட்டு வேண்டாம். இப்படித்தானுங்க, என்ற பொண்ணு கல்யாணத்துல பந்தியில சாஞ்சு செத்தாப்ல படுத்துக்கிட்டு, பாயசம்னதும் எந்திரிச்சு உக்காந்தாரு."

அது உண்மை. சென்னகேசவன் அதை நினைத்து உள்ளே நடுங்கினார். நான் விளையாடவில்லை என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லவும் வார்த்தை வேண்டும். நஞ்சுண்டனின் முகம் ஞாபகம் வந்தது. இத்தனை நாள் அந்த முகத்துக்குள் ஒரு ஆள் இப்படித்தான் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தானா?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரங்கநாயகி வந்தார். குனிந்து முகத்தைப் பார்த்தார். வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

"அண்ணா, வண்டியை எடுக்கச் சொல்லுங்க."

"நீ ஏனம்மிணி, அவரைப் பத்தித் தெரியாதா? நடிக்கறாரு."

"எனக்குத் தெரியுமுங்கண்ணா. உங்களுக்குத்தான் தெரியலை." ரங்கநாயகியின் குரல் உயரவில்லை. "இந்த மனுசன் எந்தக் கதையையும் பாதியில உட்டதில்லை. காய்ச்சல்ல கெடந்தப்பக்கூட முழுசாச் சொல்லிப்போட்டுத்தான் மயங்குவாரு. பரிசலு வர்ற எடத்துல எவனாவது நிறுத்துவானா? வெலகுங்க எல்லாரும்."

டாக்ஸி ஓட்டி வந்த தமிழ்ச்செல்வன், பக்கத்துத் தெருக்காரர், அதற்குள் சென்னகேசவனை இரண்டு கைகளாலும் தூக்கியிருந்தார். ஒரு பக்கம் சுருட்டை, ஒரு பக்கம் பளபளப்பு. சொம்புத் தண்ணீர் வேட்டியில் வழிந்தது. வண்டி மேட்டுப்பாளையம் ரோட்டில் ஏறியதும் ரங்கநாயகி ரம்லாவுக்குப் போன் பண்ணினார். மாத்திரையை நிறுத்தியதையும் மறைக்கவில்லை. ரம்லா திட்டவில்லை. "எப்ப ஆரம்பிச்சுது? சரி. வாயில தண்ணிகூடக் கொடுக்காதீங்க. மாத்திரையும் கொடுக்காதீங்க. நேரா அவசரப் பிரிவுக்கு வாங்க, நான் சொல்லி வெக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

பெரியநாயக்கன்பாளையம் தாண்டியது. தமிழ்ச்செல்வன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பின் சீட்டில் சென்னகேசவன் ரங்கநாயகியின் தோளில் சாய்ந்திருந்தார். கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. முன் சீட்டில் வரதராஜுலு திரும்பிப் பார்க்கவே இல்லை.

ரங்கநாயகி அவருடைய வலது கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார்.

"தமிழ்ச்செல்வா, அன்னிக்குப் பரிசலு வந்தப்ப நாந்தான் கண்ணு சோறு போட்டேன்."

தமிழ்ச்செல்வன் கண்ணாடியில் பார்த்தார். "என்னங்கம்மா?"

"ஆமா. கெணத்துலருந்து இவரு கூட்டிட்டு வந்தாரு. ரெண்டு பேரு."

தோளில் சாய்ந்திருந்த தலை லேசாக அசைந்தது.

"ரெண்டு பேருதான். ரெண்டு பேருக்கும் தக்காளி ரசம் ஊத்துனேன்."

சென்னகேசவனின் தொண்டையில் ஏதோ உருண்டது. ரெண்டு பேரா? தக்காளி ரசமா? இத்தனை வருஷம் வாய் திறக்காதவள், திறந்த அன்றைக்கு இப்படியா சாட்சி சொல்வாள்?

"சின்ன மோட்டாருதான் கண்ணு. ஒண்ணரை எச்.பி. இருக்கும். ஒரு கெண்டை மீனும் அந்த ரெண்டு பேரும்தான் வந்தாங்க."

"அ..." என்றார் சென்னகேசவன்.

ரங்கநாயகி காதில் விழாதவர்போல, "அவங்களையும் பஸ் ஏத்தலை, நடத்தித்தான் அனுப்புனோம்" என்றார்.

"அ... அஞ்..." துடியலூர் சிக்னலில் வண்டி நின்றது. "அஞ்சு. அஞ்சு பேரு! ரசமில்ல. அ... அரிசிம்பருப்பு!"

பச்சை விழுந்தும் தமிழ்ச்செல்வன் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஒரு லாரி கத்தியது.

"ஏழரை எச்.பி., அம்மணி," என்றார் சென்னகேசவன் களைத்துப்போய். மடியிலிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின.

ரங்கநாயகி முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்தார். பிறகு தன் கண்ணை. "சரிங்க. ஏழரைதான். தமிழ்ச்செல்வா, எடு கண்ணு, பேச்சு வந்துருச்சுன்னு திரும்பிப் போயிரக் கூடாது."

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக் கசிவு இல்லை. பெரிய சேதமும் இல்லை. ரம்லா படத்தைப் பார்த்துவிட்டு வந்து கட்டில் அருகில் நின்றார்.

"தேங்கின ரத்தத்துல ஒரு துணுக்கு கட்டி தட்டிப் போய் அடைச்சிருக்கு. நல்ல வேளை, தானாக் கரைஞ்சுடுச்சு. அடுத்தது கரையும்னு எழுதிக் கொடுக்க என்னால முடியாது."

வரதராஜுலு கையைக் கட்டிக்கொண்டு, "நாந்தானுங்க நிறுத்தச் சொன்னேன். முன்ன நீங்களே ஒருக்கா..." என்று இழுத்தார்.

"நான் நிறுத்தினப்போ தட்டணு கீழே இருந்துது. அப்போ மாத்திரை கொடுத்தா ஆபத்து. இப்போ அது நல்லா இருக்கு, இப்போ நிறுத்தினா ஆபத்து. மாத்திரை அதேதான், உள்ளே இருக்கற ரத்தம் அதே இல்லைங்க." ரம்லா சென்னகேசவனின் தலையைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். "எனக்கு ஒரு போன் போட்டிருந்தா, கத்தி வேண்டாம், மெஷின்ல ஒட்ட அடிச்சுக்கங்கன்னு சொல்லியிருப்பேன். ரத்தமும் வராது, மாத்திரையும் நிறுத்த வேண்டாம். அதை ரங்கநாதர் ஒத்துக்க மாட்டாராங்கம்மா?"

ரங்கநாயகி யோசித்தார். "அவரு ஒத்துக்குவாருங்க. நாந்தான் ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன். இப்ப ஒத்துக்கறேன்."

மறுநாள் ரம்லா சொன்ன நேரத்துக்கு மாத்திரை மறுபடி வந்தது. சின்னது, ஒரு துவரம்பருப்பு அளவு. சென்னகேசவன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "ஏனுங்க, உள்ள வாங்க," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு விழுங்கினார். அன்றிலிருந்து காலையும் ராத்திரியும் அப்படித்தான். வந்த சம்பந்தியைக்கூட அவர் அப்படி வரவேற்றதில்லை.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு ரம்லாவிடம் நன்றி சொல்லப் போனார். பெரிய பிரசங்கம் ஒன்று தயார் செய்து வைத்திருந்தார். அதில் ஒரு யானையும் வரும். எதிரில் நின்றதும் யானை வரவில்லை. "நல்லா இருங்க சாமி" என்று மட்டும் சொன்னார். அதுவே போதுமானதாக இருந்தது.

மீதிப் பாதித் தலையை என்ன செய்வது என்று வரதராஜுலு கேட்கவில்லை. இனிமேல் எதையும் டாக்டரைக் கேட்காமல் நாள் குறிப்பதில்லை என்று அவராகவே தீர்மானம் செய்திருந்தார். மெஷின் எடுத்துக்கொண்டு காரமடை போக அடுத்த மாதம் என்று ரம்லா சொல்லியாயிற்று. அதுவரை சென்னகேசவன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு திரிந்தார்.

ஊர் வந்த அன்றைக்குச் சாயங்காலமே நஞ்சுண்டன் வீட்டுக்குப் போனார். நஞ்சுண்டன் பிளாஸ்டிக் நாற்காலியில், வீட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். உள்ளே அவர் மனைவி பொன்னாத்தாள் மிக்ஸி ஓட்டும் சத்தம். சென்னகேசவன் எதிரில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வழக்கமாகப் பிடிப்பதில்லை.

"நஞ்சுண்டண்ணா, இன்னைக்குப் பொய்யே கெடையாது. நடந்ததை நடந்தபடி சொல்லிப்போடறேன்."

"ஆமா," என்றார் நஞ்சுண்டன்.

சொன்னார். சுருட்டை முடி, மூன்று நாள் மாத்திரை, சொம்பு கவிழ்ந்தது. பரிசலுக்குப் பேர் காணாமல் போனது. உள்ளே உட்கார்ந்து கத்தியது. அந்த இடத்தில் நஞ்சுண்டனின் பிடி இறுகியது. "உங்களுக்கு அப்படித்தான் இருக்குதுன்னு தெரிஞ்சு போச்சுங்கண்ணா. இத்தனை நாளாத் தெரியாம, என்ற பாட்டுக்குப் பேசிப்போட்டுப் போயிருக்கறேன்." நஞ்சுண்டன் "ஆமா" என்றார். அந்த ஆமா மற்ற ஆமாக்களைப்போல இல்லை.

"அப்பறம் கேளுங்க. வண்டியில ரங்கநாயகி வாயைத் தொறந்தா. பரிசல்ல வந்தவங்களுக்கு நாந்தான் சோறு போட்டேன்னு தமிழ்ச்செல்வன்கிட்ட சாட்சி சொல்லிப்போட்டாளுங்க!"

நஞ்சுண்டன் அவரையே பார்த்தார். பார்வை கூர்மையாயிற்று. தாடை வேலை செய்தது. நாக்கு எங்கெங்கோ தேடியது. கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு, பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவனைக் கண்டுபிடித்த பழைய கண்டக்டரின் முகத்தோடு, "இல்ல" என்றார்.

சென்னகேசவன் முன்னால் குனிந்தார்.

"என்னது?"

"இல்ல," என்றார் நஞ்சுண்டன் மறுபடியும், உறுதியாக, தலையை ஆட்டி. "இல்ல. இல்ல."

மிக்ஸி நின்றது. பொன்னாத்தாள் மாவுக் கையோடு வாசலுக்கு வந்தார். "யாரு இல்லேன்னது? அவரா? ஏனுங்க, அவரா சொன்னாரு? என்ன சொன்னாருங்க?"

"என்னைப் பொய்யன்னு சொல்றாருங்க்கா," என்றார் சென்னகேசவன். சொல்லிவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தத் தலையைப் பார்த்த நஞ்சுண்டன் நாற்காலி ஆட ஆடச் சிரித்தார்.